கற்கக் காசு தரும் திருநாடு

குடிமக்களின் அறியாமைக்கு எங்கள் சிங்கப்பூர் காட்டும் மரியாதையை வேறெங்கும் காண முடியாது. மற்ற நாடுகளில் அறியாமையைத் திட்டுவார்கள், கேலி செய்வார்கள், தேர்தல் வந்தால் பயன்படுத்திக்கொள்வார்கள். இங்கே அதன் பெயரில் கணக்குத் திறந்து பணம் போடுகிறார்கள். அப்போது துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த தர்மன் சண்முகரத்தினம் 2015 வரவுசெலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார். 2016 ஜனவரி முதல் 25 வயது நிறைந்த ஒவ்வொரு சிங்கப்பூரர் பெயரிலும் 500 வெள்ளி ஏறியது. அதற்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை என்று பெயர். காசு கைக்கு வராது. எண்ணாக மட்டும் இருக்கும். சிங்பாஸ் என்ற மின்னடையாளத்தைப் போட்டு உள்ளே போனால் பார்க்கலாம். பார்த்துவிட்டு வெளியே வரலாம். பலர் இன்றுவரை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டிருப்பதை அடக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொடை அதோடு நிற்கவில்லை. 2020 அக்டோபரில் இன்னொரு 500 வெள்ளி. 2024 மே மாதத்தில், 40 வயதைத் தொட்டவர்களுக்கெல்லாம் 4,000 வெள்ளி. அந்த வயதுக்காரர்களுக்குப் பாடக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியமும் உண்டு. நாற்பது என்று வயதைப் பார்த்ததும் கம்பெனிக்காரர் விண்ணப்பத்தை ஓரமாக வைக்கிறார். அதே நாற்பதைப் பார்த்ததும் அரசாங்கம் நான்காயிரத்தை எடுத்து வைக்கிறது. ஒருவர் கைவிட, இன்னொருவர் தாங்க, இப்படி ஓர் ஒத்துழைப்பை முத்தரப்புப் பங்காளித்துவம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மூன்றாவது தரப்பு யார் என்று கேட்காதீர்கள். விண்ணப்பித்தவர்தான்.

அந்த 2020ஆம் ஆண்டின் 500 வெள்ளிக்கு மட்டும் 2025 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். அதைக் குறை சொன்னவர்களுக்கு மனித இயல்பு தெரியாது. அறிவுத்தாகமும் பால் பாக்கெட்டும் ஒன்று. மேலே தேதி அச்சடித்தால்தான் எடுத்துக் குடிக்கத் தோன்றும். கெடு நெருங்க நெருங்க நாடே குருகுலமானது. கைப்பேசியைத் திறந்தால் ‘உங்கள் சிறப்புத்தொகை வீணாகப் போகிறது’ என்று யாரோ ஒருவர் நம் பொருட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கடைத்தொகுதி வாசலில் மேசை போட்டு நின்ற ஒரு பிள்ளை என்னை வழிமறித்து, “அண்ணே, பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?” என்றான். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைக் கற்க ஆசை என்பதையெல்லாம் கேட்டு அவன் என் நேரத்தை வீணாக்கவில்லை. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்ததும் அதற்குச் சரியாகப் பொருந்துகிற பாடத்தைச் சொல்லிவிட்டான். மாணவனின் தரம் அறிந்து பாடம் சொல்ல வேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் எதிர்பார்த்ததை இதைவிடத் துல்லியமாக எப்படி நிறைவேற்றுவது?

இப்படிப்பட்ட அக்கறை வீண்போகவில்லை. 2024இல் மட்டும் சுமார் 260,000 பேர் சிறப்புத்தொகையைப் பயன்படுத்தினார்கள். அரசின் ஆதரவு பெற்ற பயிற்சிகளில் அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் சுமார் 555,000 பேர். வெளிநாட்டுக் கல்வியாளர்கள் இந்த எண்களைக் கேட்டு வியந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். தலைகளை எண்ணுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. தலைக்குள் என்ன போயிற்று என்பதையும் எண்ணச் சொல்வது நன்றி கெட்ட செயல்.

நானும் அந்தத் தலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறேன். எண்ணியல் சந்தைப்படுத்தல் பற்றிய இரண்டு நாள் பாடம். அலுவலகக் கட்டடம் ஒன்றில் நடுங்கவைக்கும் குளிர்சாதன அறை. ஒன்பது மணிக்குத் திரையில் முதலில் வந்தது பாடமில்லை, க்யூஆர் கட்டம். எல்லாரும் கைப்பேசியை உயர்த்தி, சிங்பாஸைத் திறந்து, வந்துவிட்டோம் என்று அரசாங்கத்துக்குச் சொன்னோம். மதியம் மீண்டும் சொன்னோம். மாலையில் போகிறோம் என்று சொன்னோம். வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மானியம் கிடையாது. ஆகவே, அந்தக் கட்டம் திரையில் தோன்றும்போது வகுப்பில் ஏற்படும் விழிப்பு, அந்த இரண்டு நாளில் வேறெதற்கும் ஏற்படவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பாதுகாவல் ஊழியர். சீருடைச் சட்டைக்கு மேலே ஜாக்கெட் போட்டிருந்தார்.

“தம்பி, நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்துட்டேன். க்யூஆர் காட்டும்போது மட்டும் ஒரு தட்டுத் தட்டி விடுங்க.”

“இன்னைக்கு லீவு போட்டிருக்கலாமேண்ணே?”

“லீவு போட்டா காசு போயிடும் தம்பி. இங்க தூங்கினா ஒண்ணும் போகாது.”

வாழ்நாள் கற்றலின் பொருளியலை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று காவல் காத்துவிட்டு, ‘வாடிக்கையாளர் பயணம்’ என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வந்த அந்த மனிதரைக் கொள்கை வகுத்தவர்கள் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். நான் தட்டினேன். அவர் எழுந்தார், ஸ்கேன் செய்தார், உறங்கினார். பயிற்றுவித்த அம்மா நல்லவர். வாரத்துக்கு எத்தனை முறை அதே பாடத்தைச் சொல்கிறாரோ, நகைச்சுவை வரும் இடத்தில் தானே முதலில் சிரித்துவிடுவார். இரண்டாம் நாள் மாலை மதிப்பீடு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். எந்தக் கேள்விக்கு எந்த ஸ்லைடு என்றும் அவர் கருணையோடு குறிப்பிட்டார். அண்ணனும் தேறினார், நானும் தேறினேன். இந்த மதிப்பீட்டில் ‘கம்பீட்டன்ட்’ உண்டு, ‘நாட் யெட் கம்பீட்டன்ட்’ உண்டு. ஃபெயில் என்பது கிடையாது. கடைசியாக இன்னொரு க்யூஆர் கட்டம் வந்தது. பாடத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள்? கதவுக்குப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த யாருக்கும் ஐந்துக்குக் குறைத்துப் போட மனம் வந்திருக்காது. இப்படித் திரளும் நட்சத்திரங்கள்தான் அடுத்தவர் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டுகின்றன.

எங்கள் புளோக்கில் ஒரு அக்கா இருக்கிறார். ஆட்குறைப்பில் வேலை போனபின் படிக்க ஆரம்பித்தார். திட்ட மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு, இணையப் பாதுகாப்பு அறிமுகம், செயற்கை நுண்ணறிவு அறிமுகம். மின்னஞ்சலில் வந்த சான்றிதழ் ஒவ்வொன்றையும் வண்ணத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கோப்பில் அடுக்கியிருக்கிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஔவையார் நின்றதுபோல அந்தக் கோப்பின் முன் நான் நின்றேன். என்ன பளபளப்பு! ஒன்றில்கூடக் கைரேகை இல்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட ஓரிருவரும் முந்தைய வேலையில் எத்தனை ஆண்டு அனுபவம் என்றுதான் கேட்டார்களாம். கோப்பைத் திறக்கச் சொல்லவில்லை. சான்றிதழ்கள் கசங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணமாக இருக்கும்.

வேலையிழந்தவர்களையும் அரசு மறக்கவில்லை. 2025 ஏப்ரல் முதல், மாதம் 5,000 வெள்ளிக்கு மேற்படாமல் சம்பாதித்து வேலை போனவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை ஆதரவுத்தொகை உண்டு. சும்மா கிடைக்காது, மாதாமாதம் வேலைக்கு விண்ணப்பித்து, பயிற்சிக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். முதல் மாதம் 1,500, அடுத்தது 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதமும் 750. நம்பிக்கை குறையக் குறையத் தொகையும் சேர்ந்தே குறையும்படி அமைத்திருக்கும் நுட்பத்தைப் பாருங்கள்.

இந்தத் திட்டத்தை ஆழ்ந்து கற்றவர்கள் என்று சொன்னால் ஒரு கூட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எந்த மானியமும் பெறாமல், எந்த வகுப்புக்கும் போகாமல் திட்டத்தின் விதிகளை வரிக்கு வரி படித்தார்கள். ஒன்பது நிறுவனங்களைக் கையில் வைத்துக்கொண்டு, சிலவற்றைப் பயிற்சி தரும் நிறுவனமாகவும் சிலவற்றை ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனமாகவும் காட்டி, 2017இல் சில மாதங்களுக்குள் 8,300க்கும் மேற்பட்ட கோரிக்கைகளைச் சமர்ப்பித்தார்கள். பாடம் இல்லை, ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை. தாள்கள் மட்டும் எல்லாம் சரியாக இருந்தன. ஏறத்தாழ 4 கோடி வெள்ளி கைக்கு வந்தது. சிங்கப்பூரில் ஒரு பொது அமைப்பிடம் நடந்த மிகப் பெரிய மோசடி என்று அதைச் சொல்கிறார்கள். முக்கியமானவர்கள் சிறைக்குப் போனார்கள். குற்றம் குற்றமே. ஆனால் வகுப்பே நடக்காமல் ஒரு பயிற்சி நடந்ததாக அமைப்பு நம்பியது என்றால், வகுப்பு நடந்தபோதும் அது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றுமே, அந்தக் கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. அதே ஆண்டின் தொடக்கத்தில், சிறப்புத்தொகைக்குப் பொய்க் கோரிக்கை கொடுத்த சுமார் 4,400 தனிமனிதர்களிடம் 22 லட்சம் வெள்ளியைத் திருப்பிக் கேட்ட கதையும் உண்டு. சுயமாகக் கற்கும் ஆர்வம் மக்களிடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழைய காலத்தில் இவ்வளவு வசதி இல்லை. 1979இல் திறன் மேம்பாட்டு நிதி தொடங்கியது. 1983இல் ‘பெஸ்ட்’ என்ற திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளியைத் தாண்டாத தொழிலாளர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. பிரகாசமான பெயர்ப்பலகையோ, செயலியோ, நட்சத்திரமோ இல்லை. முதலாளி அனுப்பும் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் உள்ளே போனவர்கள் படிக்கத் தெரிந்துகொண்டு வெளியே வந்தார்கள். இத்தனை எளிமையான விளைவை இன்றைய அறிக்கைகளில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாததால், அந்த மாதிரித் திட்டங்களை நாங்கள் கடந்து வந்துவிட்டோம்.

விளைவு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 2024 டிசம்பரில் ஒன்று கிடைத்தது. ஓஇசிடி அமைப்பு பெரியவர்களின் திறன்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் கணக்கில் சிங்கப்பூருக்கு 274 புள்ளி. உறுப்பு நாடுகளின் சராசரி 263. வாசித்துப் புரிந்துகொள்வதில் 255, சராசரி 260. இளையோர் உலகின் முன்வரிசையில் நிற்கிறார்கள். 35 வயதைத் தாண்டியவர்களின் வாசிப்புத் திறனோ பத்தாண்டுக்கு முந்தைய சுற்றில் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. அதாவது, சிறப்புத்தொகை ஏறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதைப் பெற்றுக்கொண்டிருந்த அதே வயதுக்காரர்களிடம். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் அவசரக்காரர்கள். திறன் குறையக் குறையப் பயிற்சியின் தேவை கூடுகிறது; தேவை கூடினால்தான் திட்டம் வாழும். தன் எதிர்காலத்தைத் தானே உறுதிசெய்துகொள்ளும் திட்டத்துக்கு ‘ஃபியூச்சர்’ என்று பெயர் வைத்ததில் என்ன தவறு?

இந்த நாட்டுப் பிள்ளைகள் கற்றலை ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதற்கு முன்னும் பின்னும் துணைப்பாட வகுப்பு. 2023இல் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது சுமார் 180 கோடி வெள்ளி. கோ கெங் சுவீயின் 1979 அறிக்கைக்குப் பிறகு வந்த தரம்பிரிப்பு முறையில், ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களின் இடம் எது என்று சின்ன வயதிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது. விரைவுநிலை, வழக்கநிலை என்று உயர்நிலைப்பள்ளியில் இருந்த பிரிவுகளுக்கு 2024இல்தான் விடைகொடுத்தார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் ஐடிஇ. அதை ‘இட்ஸ் தி எண்ட்’ என்று பிள்ளைகள் விரித்துச் சொல்வார்கள். கதை முடிந்தது என்று பொருள். கழகம் அந்தப் பெயரை மாற்ற நிறைய உழைத்திருக்கிறது, கட்டடங்களும் கருவிகளும் அருமையானவை. ஆனால் அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘உனக்குப் படிப்பு வராது’ என்று பன்னிரண்டு வயதில் ஒருவனிடம் சொன்ன நாடு, அவனுக்கு நாற்பது வயதானதும் தேடி வந்து, ‘வாழ்நாள் முழுக்கப் படி, காசு நான் தருகிறேன்’ என்கிறது. முதலில் சொன்னதை அவன் நம்பியிருந்தால், அது அவனுடைய கற்றல் திறனுக்குச் சான்றுதான்.

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அந்தக் கௌரவம் குறையாமல் காக்கப்படுகிறது: பதாகையில் தமிழ், அறிவிப்பில் தமிழ், துண்டுப்பிரசுரத்தில் தமிழ். வாழ்நாள் முழுவதும் கற்போம் என்று தமிழில் அழைத்துவிட்டு ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். தமிழிலேயே நடக்கும் பாடங்களைத் தேடிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். துப்புரவு வேலை செய்யும் நம் மூத்த அக்காமார்கள் அழைப்பைப் புரிந்துகொள்கிறார்கள் அல்லவா, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆனால் என் மனத்தை உருக்கியது சட்டத்தில் உள்ள ஒரு சிறிய வரி. திறன் மேம்பாட்டுத் தீர்வை என்று ஒன்று உண்டு. ஊழியரின் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காட்டை முதலாளி கட்ட வேண்டும். குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. திறன் மேம்பாட்டு நிதிக்குப் போகும் பணம் இது. பயிற்சி மானியங்களுக்கு உதவுகிறது. இந்தத் தீர்வை விஷயத்தில் எங்கள் நாடு யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குடிமகன், நிரந்தரவாசி, வேலை அனுமதிச் சீட்டில் வந்த புதுக்கோட்டைக்காரர், பங்ளாதேஷ்காரர், எல்லார் தலைக்கும் உண்டு. மாதம் 800 வெள்ளிக்குக் கம்பி கட்டுகிறவரின் தலைக்கு 2 வெள்ளி. பணம் கொடுக்கும் இடத்தில் இத்தனை சமத்துவம். வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஒழுங்கு: சிறப்புத்தொகை குடிமக்களுக்கு, பாட மானியம் பொதுவாகக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்.

அதற்காக அந்த வெளிநாட்டு ஊழியர்கள் கற்காமல் இல்லை. சொல்லப்போனால், இந்தத் தீவுக்குள் நுழையும் முன்பே தேர்வு எழுதிவிட்டு வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். தமிழ்நாட்டில் ‘ஸ்கில் டெஸ்ட்’ என்றால் ஊருக்கு ஊர் தெரியும். வெல்டிங், பிளம்பிங், வயரிங், டைல்ஸ், கம்பி கட்டுதல் என்று ஒன்றைப் பிடித்து, பயிற்சி மையத்தில் தங்கி, நகையை அடகு வைத்து, சிலர் நிலத்தையே எழுதிக்கொடுத்துப் பணம் கட்டித் தேறி வருகிறார்கள். மானியம் 90 விழுக்காடு இல்லை, பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடும் தேக்காவில் நின்று கேட்டுப் பாருங்கள், எந்தத் தொழிலில் தேறினார், எவ்வளவு கடன், எத்தனை மாதச் சம்பளம் அதற்கே போயிற்று என்று ஒப்பிப்பார்கள். வாழ்நாள் கற்றலுக்கு வாழ்நாள் கடன் என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டிவிட்டார்கள்.

வந்தபின் மேலும் கற்றால் அதற்கும் பலன் உண்டு. 2024 முதல், கட்டுமானத் துறையில் இந்தியாவிலிருந்து வந்த அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை மாதம் 900 வெள்ளி; அவரே உயர்திறன் ஊழியராகிவிட்டால் 500 வெள்ளி. ஆக ஓர் ஊழியர் மாலையில் களைப்போடு உட்கார்ந்து படித்துத் தேறினால் மாதம் 400 வெள்ளி மிச்சம், முதலாளிக்கு. ஊழியரின் சம்பளம் எவ்வளவு ஏற வேண்டும் என்று அந்தத் தீர்வைக் கணக்கில் எதுவும் எழுதவில்லை. நல்ல மாணவனுக்குப் பரிசை எதிர்பார்க்காத மனம் வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். அந்த மனத்தை வளர்க்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

இத்தனை கொடுத்த நாடு ஒன்றே ஒன்றைக் கொடுக்க மறந்திருக்கிறது என்று சில குறைமதியாளர்கள் சொல்கிறார்கள்: நேரம். அவர்கள் சொல்வதையும் கேட்டுத்தான் பார்ப்போம். முழுநேரமாகப் படிக்க வேண்டுமா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 2025 முதல், முந்தைய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, மொத்தம் 24 மாதம் வரை பயிற்சிப்படி உண்டு. நிச்சயமாகத் தாராளம்தான், இதை வஞ்சமில்லாமலே சொல்கிறேன். ஆனால் அதற்குச் சம்பளத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளையின் துணைப்பாடம், வயதான அப்பாவின் மருந்து எல்லாவற்றுக்கும் பாதிச் சம்பளத்தில் வழி காண்கிறவர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே நிதி மேலாளர் ஆகிவிடலாம். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த வெள்ளியைக் கொண்டு இரவுப் பணிக்கும் காலை வகுப்புக்கும் நடுவே மூன்று மணி நேரத் தூக்கத்தை எந்தக் கடையில் வாங்கலாம் என்பதையும் சேர்த்து அறிவித்திருந்தால் பாதுகாவல் அண்ணனுக்கு உதவியாக இருந்திருக்கும்.

முதலாளிகளும் சும்மா இல்லை. ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பினால், அந்த நேரத்துக்கு மணிக்கு 4 வெள்ளி 50 காசு வீதம் அரசு ஈடு கொடுக்கிறது, ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி என்ற உச்சவரம்போடு. உணவங்காடியில் ஒரு தட்டுச் சோறும் ஒரு டீயும் வாங்கினாலே ஏறக்குறைய அந்தக் காசு ஆகிவிடும். நான்கு பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவரை இரண்டு நாள் அனுப்பிவிட்டு, மீதி மூன்று பேரை வைத்துச் சமாளித்துக்கொள் என்று முதலாளியிடம் சொல்வதற்கு அந்தத் தொகை போதும் என்று யாரோ எங்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கடை நடத்தியவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கற்கும் நிலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சிறிய நாடு, ஆள் பற்றாக்குறை, முதலாளிகளிடம் ஊழியரை விட்டுக்கொடு என்று கட்டாயப்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விடையும் எங்களிடமே இருக்கிறது. தேசிய சேவை முடித்த ஆண்கள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு 40 நாள் வரை முகாமுக்கு அழைக்கச் சட்டம் இருக்கிறது. முதலாளி மறுக்க முடியாது. அந்த நாள்களின் சம்பளத்தை ஈடுகட்ட அரசிடம் முறையான ஏற்பாடு இருக்கிறது. வங்கிக்காரர், சமையல்காரர், ஓட்டுநர் எல்லாரும் போகிறார்கள், பயிற்சி பெறுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். கடைகள் மூடவில்லை, பொருளாதாரம் சரியவில்லை. நாட்டைக் காக்கும் பயிற்சிக்கு ஆளை விடுவிக்கத் தெரிந்த அரசுக்கு, பிழைப்பைக் காக்கும் பயிற்சிக்கு விடுவிக்கும் வழி தெரியவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தெரியும். பண்பு கருதித்தான் செய்யாமல் இருக்கிறது.

தொழிற்சங்க மேடைகளில் பயிற்சி விடுப்பு என்ற சொல் அவ்வப்போது கேட்கிறது. கைதட்டலும் கேட்கிறது. முதலாளிகள் ‘ஊக்குவிக்கப்படுகிறார்கள்’. ஊக்குவிப்பது எங்கள் ஆட்சிக் கலையின் மிக மென்மையான கருவி, காயமே படாது.

எங்கள் வேலைவாய்ப்புச் சட்டம் மிகத் தெளிவாக எழுதப்பட்டது. முதல் ஆண்டில் 7 நாள் ஆண்டு விடுப்பு. ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கூடி 14 வரை போகும். மருத்துவமனையில் சேராத நோய்க்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. பொது விடுமுறை 11 நாள். படிப்பதற்கென்று அதில் ஒரு நாள்கூட இல்லை.